காயத்தின் மேல் மண்

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் மண்டோர் பிச்சைமுத்துவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. துரை கண்ணில் மண்ணைத் தூவலாம், கணக்கெழுதுகிற கிராணி கண்ணில் தூவலாம், பிச்சைமுத்து கண்ணில் மட்டும் தூவ முடியாது என்பார்கள். மலாயாவில் காம்பாருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. பால் வெட்டுகிறவர்கள் பட்டையை அளவாகச் சீவுகிறார்களா, கத்தியை ஆழமாக இறக்கி மரத்தைக் காயப்படுத்துகிறார்களா என்று பார்ப்பது. பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மரம் பார்க்கிற படிப்பில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ரோட்டோரம் நிற்கிற மரங்களை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். "அதெல்லாம் பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் காட்டுற மொகம்லா. எப்பவும் சிங்காரிச்சுகிட்டுத்தான் நிக்கும்" என்பார். நேராக மர நிரையின் உள்பக்கம் போய்விடுவார். அங்கேயும் முதலில் பார்ப்பது மங்கைத்தான். மங்கு என்பது பால் வடிவதற்கு மரத்தில் வைக்கிற சின்னக் கிண்ணம். அதில் எவ்வளவு பால், எப்படிப் பால் என்று பார்த்தே மரத்தின் கதையைச் சொல்லிவிடுவார். பிறகு பட்டையில் எங்கேயாவது மண் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார். காயம் பட்ட இடத்தில் ஈர மண்ணைக் குழைத்து அப்பிவிடுவது வெட்டுக்காரர்களின் பழைய வித்தை. மழையில் தெறித்த சேறு மாதிரியே இருக்கும். அதைச் சுரண்டிப் பார்ப்பதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார் மனிதர்.

ராக்காயி அவரிடம் மாட்டியதும் அப்படித்தான். ஐம்பத்தாறாம் வருஷம், அவளுக்குப் பதினெட்டு வயது. நிரையின் நடுவில் ஒரு மரத்தில் அவர் நகம் வைத்துச் சுரண்ட, மண் உதிர்ந்து காயம் வெளியே வந்தது.

"காயம் பட்டுச்சுன்னா பட்டுச்சுன்னு சொல்லணும். மருந்து தடவி ஆத்திரலாம். இப்படி மண்ணைப் பூசி மூடுனா உள்ளுக்குள்ளயே அழுகிரும், தெரியுமா?" என்றார்.

ராக்காயி கத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா நீங்க பேரை வெட்டுவீங்க. சொல்லாட்டி மரம் அழுகும். எங்களுக்கு எந்த வழிய விட்டு வச்சிருக்கீங்க மண்டோரே?"

அன்றைக்கு அவளுக்கு அரைநாள் பேர்தான் போட்டார், அதாவது பாதிக் கூலி. எட்டு மாதம் கழித்து அதே பெண்ணைக் கேட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். கல்யாணமான பிறகும் அவள் அவரை 'மண்டோரே' என்றுதான் கூப்பிட்டாள். அரைப்பேர் கதையை அவள் சொல்லாத விசேஷ வீடு தோட்டத்தில் இல்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ பட்டம் வாங்கியதைப் போலச் சிரித்துக்கொண்டிருப்பார்.

எழுபத்து நாலில் தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட வந்தவர்களுக்குக் காயம் பார்க்கிற மண்டோர் எதற்கு? பிச்சைமுத்துவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்த பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்கவில்லை. அந்தக் கார்டோடு ஈப்போவில் அலைந்து, கடைசியில் ஒரு சலவைக்கல் பட்டறையில் காவலாளி வேலை பிடித்தார். பட்டறைக்குள்ளேயே ஒரு பலகை அறை. ஒரே மகள் நவமணியைத் தைப்பிங்கில் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி இரண்டு உயிர்தானே, எப்படியும் ஓடிவிடும் என்று இருந்தார்கள்.

எழுபத்து ஒன்பதில் ஒரு காலைநேரம் துணி துவைத்துக்கொண்டிருந்த ராக்காயி குழாயடியிலேயே சாய்ந்துவிட்டாள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. அத்தனை பேச்சு பேசிய வாயில் "ம்ம்" என்ற ஒரு சத்தம்தான் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காவலுக்கு நிற்கிற மனிதன் எந்த நேரத்தில் மனைவியைத் தூக்கி உட்கார வைப்பது, எப்போது துடைத்துவிடுவது? நவமணி கொஞ்ச நாள் தைப்பிங்குக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தாள். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர். மாமியார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரங்களால் சொன்னாள். மகள் அழுதுகொண்டே அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

பட்டறை சூப்பர்வைசர் ஸ்டானிஸ்லாஸ்தான் வழி காட்டினார். சிம்பாங் பூலாய் போகிற பக்கம், பழைய ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் பங்களாவில் முடியாதவர்களுக்கான இல்லம் ஒன்று நடந்தது. தர்ம காரியம்தான். முப்பத்திரண்டு கட்டில். பொறுப்பில் இருந்த நர்ஸ் கத்தரின், ஸ்டானிஸ்லாசுக்கு உறவு.

"மூணு மாசம் கைகாலைப் பிடிச்சு நல்லா பயிற்சி குடுத்தா நடக்க வச்சிரலாம் அண்ணே" என்றார் கத்தரின். "கம்பை ஊனிகிட்டுத் தானா குளிக்கற எடத்துக்குப் போய் வந்துட்டாங்கன்னா போதும். நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

பிச்சைமுத்து பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். ராக்காயி பத்து அடி நடக்க வேண்டும். நடந்தால் அவள் பலகை அறைக்குத் திரும்பி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மேல்தான் பார்க்க விடுவார்கள். போன முதல் மூன்று ஞாயிறும் அவருக்குப் பரம திருப்தி. வெள்ளை விரிப்பு, பவுடர் வாசம், வாரிப் பின்னிய தலை. நாலாவது ஞாயிறு பஸ்ஸில் திரும்பும்போதுதான் பழைய புத்தி விழித்துக்கொண்டது. நாம் பார்த்துவிட்டு வருவது ரோட்டோர மரத்தை அல்லவா என்று தோன்றியது. அடுத்த புதன்கிழமை இன்னொரு காவலாளியோடு வேலை மாற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முதலில் அவர் கண் போனது தண்ணீர்க் குவளைக்கு. பழக்கதோஷம். குவளை நிரம்பியிருந்தது. அதில் ஒரு எறும்பு செத்து மிதந்தது. குவளை வைக்கிற பலகை வலதுபக்கச் சுவரில் அடித்திருந்தது. ராக்காயிக்கு வராத கையின் பக்கம். தண்ணீர் கண்ணெதிரே இருக்க, அவள் உதடு வெடித்துக் கிடந்தது. புதுத் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார். இரண்டு குவளையை மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு அவர் கால்மாட்டுக்குப் போய் விரிப்பைத் தூக்கினார். வலது குதிகாலில் இருபது காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம்.

வாளியோடு வந்த பணிப்பெண் அகதா அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னண்ணே, இன்னிக்கி வந்திருக்கீங்க?"

"இந்தக் குதிகாலப் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேன்." அகதா வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ பொரட்டிப் போடணும்னு கத்தரின் மிஸி சொல்லுவாங்க. பதினாறு கட்டிலுக்கு நான் ஒருத்திண்ணே. கடைசிக் கட்டிலை முடிச்சுட்டு வாரதுக்குள்ள மொத கட்டில் ஈரமாயிருக்கும். சனிக்கெழம மட்டும் இன்னொரு ஆள் வாரா. அன்னிக்கித்தான் எல்லாரையும் குளிப்பாட்டுறோம்."

"காலுக்குப் பயிற்சி?"

"அதுக்கு ஒருத்தர் மாசத்துக்கு ஒருநா வாராரு. போன மாசம் வரல."

அகதாவின் விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தின்று வெளுத்திருந்தது. கோபப்படலாம் என்று வந்தவருக்கு, யார்மேல் படுவது என்று தெரியவில்லை. தோட்டத்தில் தப்பைக் கண்டுபிடித்தால் அவர் வேலை முடிந்தது. வெட்டியவள் பேரை எழுதிக் கொடுத்தால் மீதியைத் துரை பார்த்துக்கொள்வார். இங்கே கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கத்தரினிடம் போனார். அவர் மருந்து பிரித்துக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து குவளையைச் சொன்னார், குதிகாலைச் சொன்னார், வராத பயிற்சிக்காரரைச் சொன்னார். கத்தரின் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஒங்க கண்ணுக்குத் தெரியறது எனக்குத் தெரியாதா அண்ணே? இன்னும் ரெண்டு ஆள் குடுங்கன்னு கமிட்டிகிட்ட கேட்டு ஒரு வருஷமாச்சு. வெளிய நாப்பது பேர் எடத்துக்குக் காத்துகிட்டு இருக்காங்க. ஒங்களுக்கு மனசுக்குச் சரியில்லன்னா கூட்டிட்டுப் போங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அதில் மிரட்டல் இல்லை. உண்மையாகவே அலுத்துப்போய்ச் சொன்னார். கூட்டிப்போனால் பலகை அறையில் அவளை யார் பார்ப்பது?

"இல்ல மிஸி. சும்மா, கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். ஒரு பழப்பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலின் இடதுபக்கம் வைத்து, அதன்மேல் குவளையை வைத்தார். அடுத்த வாரம் பெட்டி வேறொரு கட்டிலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. குதிகால் விரிப்பில் படாமலிருக்கத் துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி வைத்தார். அது நழுவி எங்கேயோ போயிற்று. வருகிற நேரமெல்லாம் செத்த காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தார். முறை தெரியாமல் செய்தாரோ என்னவோ, அவளுக்கு வலித்தது. குதிகாலில் தோல் உரிந்தது. பிறகு பள்ளம் விழுந்தது. இரண்டு மாதத்தில் ஓரமெல்லாம் கறுத்து, விரிப்பைத் தூக்கினாலே வாடை வந்தது. பிச்சைமுத்து எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்தார். பார்த்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எண்பதாம் வருஷம், ஒரு வியாழக்கிழமைக்கு முதல்நாள், அகதா பட்டறைக்குப் போன் பண்ணினாள். மேலே இருந்து அதிகாரிகள் இல்லத்தைப் பார்க்க வருகிறார்களாம். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று மிஸி சொன்னாராம்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டார். வாசலில் சுண்ணாம்பு வாசம் அடித்தது. தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிற நாளில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள், அதே வாசம்.

"எதுக்கு வாராங்களாம்?" என்று அகதாவிடம் கேட்டார்.

"தெரியலண்ணே. ரொம்ப மோசமா இருக்கற கேஸை இங்க வச்சிருக்கக் கூடாது, வெளிய அனுப்பணும்னு சட்டம் வருதாம். அப்படித்தான் பேசிக்கறாங்க."

வெளியே என்றால் எங்கே? பலகை அறைதான். அங்கே பன்னிரண்டு மணி நேரம் ராக்காயி தனியாகக் கிடப்பாள். அதற்குப் பிறகு பிச்சைமுத்து ஒன்றும் யோசிக்கவில்லை. கைகள் தாமாகவே வேலையில் இறங்கின. மனைவிக்குத் தலைவாரி, புதுச் சேலையைச் சுற்றி, பொட்டு வைத்தார். குதிகாலைக் கழுவித் துடைத்து வெள்ளைத்துணியால் கட்டினார். அதன்மேல் நவமணி வாங்கிக் கொடுத்திருந்த நீலநிறக் காலுறையை மாட்டினார். வாடைக்குப் பவுடரைத் தாராளமாகக் கொட்டினார். இழுத்துப் போர்த்தினார்.

ராக்காயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்ம்" என்றாள். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல கை அது ஒன்றுதான், பிடி கெட்டியாக இருந்தது.

"சும்மா இரு புள்ள. இன்னிக்கி ஒருநாள் மட்டும்" என்று விரல்களைப் பிரித்துவிட்டார்.

ஒரு அதிகாரியும் இளவயது டாக்டர் ஒருவரும் வந்தார்கள். பின்னால் கத்தரின். டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக நின்று மலாயில் விசாரித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ராக்காயியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லுக்கா அடா?" என்று கேட்டார். காயம் ஏதும் இருக்கிறதா என்று.

பிச்சைமுத்து கால்மாட்டில் நின்றார். சட்டைப்பையில் சிவப்புக் கார்டு. கவர்மெண்டு ஆள் முன்னால் நிற்கும்போதெல்லாம் அது அவருக்குக் கனக்கும்.

"தாக் அடா, துவான். செமுவா பாய்க்" என்றார். இல்லை ஐயா, எல்லாம் நல்லா இருக்கு.

டாக்டரின் கை விரிப்பின் ஓரத்தில் இருந்தது. தூக்க வேண்டுமானால் பிச்சைமுத்து ஒரு எட்டு நகர வேண்டும். அவர் நகரவில்லை. கத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ராக்காயியின் பொட்டையும் சேலையையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் இருளாயி. அவளும் கை கால் விழுந்தவள்தான். அனாதை. அவளைச் சிங்காரிக்க யாரும் வரவில்லை. டாக்டர் விரிப்பைத் தூக்கினார், இடுப்பில் புண். அவர் முகம் சுளிக்கவில்லை, யாரையும் ஏசவுமில்லை. அதிகாரியிடம் திரும்பி நாலு வார்த்தை சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வார்டு திறந்திருக்கிறார்கள். புண்ணை ஆற்றி, தினமும் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிற வார்டு. இந்த இல்லத்துக்கென்று ஆறு கட்டில் ஒதுக்கியிருக்கிறது. யாருக்கு அவசரம் என்று பார்த்துப் பொறுக்கத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்து பிச்சைமுத்துவுக்கு இவ்வளவும் விளங்குவதற்குள், இருளாயியைத் தூக்க ஆள் வந்துவிட்டது.

அவர் ஓடினார். வாசலில் வண்டி ஏறப்போன அதிகாரியை மறித்து, தன் மனைவிக்கும் காயம் இருக்கிறது என்று தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னார். அதிகாரி தாளைப் புரட்டினார். காயம் இல்லை என்று சற்றுமுன் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார். ஆறு பேரும் ஆகிவிட்டார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அதுவரை நன்றாகக் கவனிக்கச் சொல்லிக் கத்தரினிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிச்சைமுத்து திரும்பி வந்து காலுறையைக் கழற்றினார். துணி ஊறி மஞ்சளாகியிருந்தது. ராக்காயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு தடையும் இருக்கவில்லை. அழுகல் எலும்பு வரை போய்விட்டது என்று வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வராண்டாவில் கத்தரின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

"நானாவது வாயைத் தொறந்திருக்கணும் அண்ணே. எனக்குத் தெரியும்தானே."

"நீங்க சொல்லியிருந்தா நான் இல்லன்னு சாதிச்சிருப்பேன் மிஸி" என்றார் பிச்சைமுத்து. அதுவும் உண்மைதான். அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போகுமுன் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிப் போட்டார்.

இருளாயி ஏழாவது மாதம் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தே இல்லத்துக்குள் வந்தாள். போக வேறு இடம் இல்லாததால் அகதாவுக்குக் கூடமாட ஒத்தாசையாக அங்கேயே தங்கிவிட்டாள். இல்லத்துக்கே திரும்பிவிட்ட ராக்காயியின் குவளையை நாளைக்கு நாலு தடவை எடுத்து இடது கையில் கொடுப்பது அவள்தான். யாரும் சொல்லித் தரவில்லை, தானே கிடந்து தெரிந்துகொண்டது. அவள் கம்பு டொக் டொக்கென்று வருகிற சத்தம் கேட்டால் பிச்சைமுத்து எழுந்து வெளியே போய்விடுவார். அவள்மேல் பொறாமை இல்லை. தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ராக்காயி அவரோடு மறுபடி முகம் கொடுக்க வெகுநாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சோற்றை ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வலது கையைப் பிடித்து இழுத்தாள். நகம் வெட்டிய கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து அடுத்த கவளத்தை வாங்கிக்கொண்டாள். மன்னித்தாளா, மரத்துப்போனாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எண்பத்திரண்டில் மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். வேறு அதிகாரி, வேறு டாக்டர். இந்தமுறை பிச்சைமுத்து தலைவாரிவிடவில்லை, புதுச்சேலை கட்டவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே மலாய் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். ஒரு ஆள் பதினாறு பேரைப் பார்ப்பது, வராத பயிற்சிக்காரர், வலதுபக்கத்துப் பலகை, எல்லாவற்றையும்.

டாக்டர் கட்டிலுக்கு வந்து நின்றார். பிச்சைமுத்து வாயெடுக்கும் முன்பே ராக்காயி இடது கையால் விரிப்பைப் பிடித்து, தானே முழுசாக இழுத்து எறிந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத காலை டாக்டருக்குக் காட்டினாள். பார்த்தது என்னவோ புருஷனை.

டாக்டர் குனிந்து தையல் போட்ட இடத்தை அழுத்திப் பார்த்தார். தோல் சுத்தமாகக் கூடியிருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நிமிர்ந்து, "லுக்கா அடா?" என்று கேட்டார்.

கோத்து வைத்த வார்த்தைகள் அத்தனையும் எங்கே போயின என்று பிச்சைமுத்துவுக்குத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது.

"தாக் அடா, துவான்" என்றார்.

இந்தத் தடவை அவர் சொன்னது உண்மை.